அரிசி ஆலைக் கம்பனியும் சீதன வீடும்: கடன் கட்ட முடியாதபோது எது போகும், எது நிற்கும்?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அவருடைய கணவர் நடத்தும் அரிசி ஆலை 2016ஆம் ஆண்டு தனியார் கம்பனியாகப் பதிவு செய்யப்பட்டது. பணிப்பாளர்கள் கணவரும் அவருமே. பங்குகளும் அவர்கள் இருவரிடமே இருக்கின்றன. நெல் உலர்த்தியும், அரிசியை நிறம் பார்த்துத் தரம் பிரிக்கும் கலர் சோற்றரும் வாங்க எடுத்த தவணைக் கடனில் நாலரைக் கோடி ரூபாவும், மேலதிகப் பற்றில் (ஓவர்டிராஃப்ட்) இரண்டு கோடி ரூபாவும் வங்கிக்கு நிலுவை. நெல் தந்த விவசாயிகளுக்கு ஏறத்தாழ 60 இலட்சமும் மொத்த நெல் வியாபாரி ஒருவருக்கு 38 இலட்சமும் கொடுக்க வேண்டியிருக்கிறது. 18 தொழிலாளருக்குப் பதினொரு மாதமாக ஊழியர் சேமலாப நிதி கட்டவில்லை. மூன்று வாரத்தில் பணம் வராவிட்டால் கம்பனியைக் கலைக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்போம் என்று அந்த வியாபாரியின் சட்டத்தரணி கடிதம் அனுப்பி இன்று ஒன்பது நாள். சகோதரி கேட்பவை மூன்று: அந்த வியாபாரியால் எங்கள் கம்பனியைக் கலைக்க முடியுமா? அதற்கு முன் நாங்களே மூடிவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா? அம்மா சீதனமாக எழுதித் தந்த வீடு போய்விடுமா?

மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்களுக்கு நித்திரை வராமல் செய்வது அதுதான் என்பது கடிதத்தில் தெரிகிறது. கம்பனி பட்ட கடன் கம்பனியின் கடன். பங்குதாரரும் பணிப்பாளரும் அதைத் தம் கையிலிருந்து கட்டத் தேவையில்லை என்பதுதான் வரையறுத்த பொறுப்பின் பொருள். ஆகவே உங்கள் வீட்டைத் தேடி வரும் கடன் பெரும்பாலும் சட்டத்தால் வருவதில்லை, நீங்கள் வைத்த கையெழுத்தால் வருகிறது. எங்கெங்கே, எந்தத் தொகைக்கு, எந்தத் தேதியில் கையெழுத்து வைத்தீர்கள் என்பதை அறியாமல் உங்களுக்கு யார் தைரியம் சொன்னாலும், யார் பயம் காட்டினாலும், இரண்டுமே வெறும் பேச்சு.

உங்களைப் போன்றோர் வழக்கமாக இரண்டு பத்திரங்களில் கையெழுத்து வைத்திருப்பார்கள். ஒன்று பிணைப் பத்திரம். இலங்கையில் நடைமுறையில் உள்ள உரோம-டச்சுச் சட்டத்தின்படி, “முதலில் கடனாளியின் சொத்தில் வசூலித்துப் பாருங்கள், போதாவிட்டால் என்னிடம் வாருங்கள்” என்று கேட்கும் உரிமை பிணையாளிக்கு உண்டு. ஆனால் வங்கிகள் அச்சிட்டு வைத்திருக்கும் பத்திரங்களில் அந்த உரிமையைத் துறக்கிறேன் என்ற வாசகம் அநேகமாக எப்போதும் இருக்கும். கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்றும் இருக்கும். இனிமேல் கம்பனி எடுக்கும் கடன்களுக்கும் இது செல்லும் என்றும் இருப்பதுண்டு. 2019இல் எடுத்த தவணைக் கடனுக்கு என்று நினைத்து வைத்த கையெழுத்து, அதன் பின் கூட்டிக் கொடுத்த மேலதிகப் பற்றுக்கும் பதில் சொல்ல நேர்வது இந்த வாசகத்தால்தான். கம்பனி கலைக்கப்பட்டாலும் பிணை கலைவதில்லை.

மற்றது ஈட்டு உறுதி. வீட்டை எந்தத் தொகை வரை ஈடாக வைத்தீர்கள் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். கடன் ஆறரைக் கோடி என்பதற்காக வீடு ஆறரைக் கோடிக்கும் ஈடு ஆகாது. உறுதியில் ஒரு கோடி என்று இருந்தால் அந்த ஒரு கோடியும் அதற்கான வட்டியும்தான் வீட்டின் மேல் நிற்கும். வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் வீடு பெண்பிள்ளைக்கே போவதுதான் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் உள்ள வழக்கம் என்பதால், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஆண்கள் நடத்தும் தொழிலுக்குப் பெண்களின் வீடு ஈடாக நிற்பதை நான் முப்பது வருடமாகப் பார்த்து வருகிறேன். ஆலை ஒருவர் பேரில், அபாயம் மற்றவர் பேரில். அந்த உறுதியை எழுதிய நொத்தாரிசு உங்களுக்கு வாசித்துக் காட்டினாரா என்று நான் கேட்கப் போவதில்லை. மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் அந்த வீட்டுக்கான பதிவுப் பிரதியை எடுங்கள். ஒரே ஈடா, இரண்டாவது ஈடும் பதியப்பட்டிருக்கிறதா என்பது அதில் தெரியும்.

வங்கி வீட்டை எப்படி எடுக்கும் என்பதற்கு வருகிறேன். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றத்துக்குப் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்குக் கொடுக்கிறது; பராட்டே என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானம் எடுக்கும், அது வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கில நாளிதழ்களிலும் வெளியாகும், பின்பு ஏல அறிவித்தல் வரும். ஏலத்துக்கு முன் நிலுவையையும் செலவையும் கட்டினால் விற்பனை நிற்கும். பொருளாதார நெருக்கடியில் நொந்த சிறிய, நடுத்தரத் தொழில்களுக்காக 2024இல் இந்த அதிகாரம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அந்த நிறுத்தம் 2025 மார்ச் 31உடன் முடிந்தது. “பராட்டேயை நிறுத்திவிட்டார்களாமே” என்று இன்னும் நம்பிக்கொண்டிருப்பவர்கள் தேதியைப் பார்க்க வேண்டும்.

கடன் வாங்கியவர் கம்பனி, ஈடு வைத்தவர் நீங்கள். இந்த வேறுபாடு சிறியதல்ல. கடனாளி அல்லாத வேறொருவரின் சொத்தின் மேல் பராட்டே அதிகாரம் செல்லாது என்று 2006இல் உயர் நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்த்தது. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஈடு வைத்தவரே கம்பனியின் பணிப்பாளராகவும் பங்குதாரராகவும் இருக்கும்போது கம்பனி என்ற திரையை விலக்கிப் பார்க்க வேண்டும் என்று வங்கிகள் பின்னர் வாதிட்டன. நீதிமன்றம் அதற்குச் செவிசாய்த்ததும் உண்டு. மேலும், பராட்டே செல்லாவிட்டாலும் வழக்குப் போட்டு ஈட்டை நிறைவேற்றும் வழி வங்கிக்கு எப்போதும் திறந்தே இருக்கிறது. ஆகவே இது வீட்டைக் காப்பாற்றும் வாதம் என்பதைவிட, பேச்சுவார்த்தைக்கு நேரம் வாங்கித் தரும் வாதம் என்றே நான் கருதுகிறேன். அதை எழுத்தில் எழுப்ப வேண்டியவர் உங்கள் சட்டத்தரணி. கணக்காளர்கள் இதில் வாய் வைக்கக் கூடாது, நான் உட்பட.

இனி அந்த வியாபாரியின் கடிதம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி, கடன் கொடுத்தவர் ஒருவர் கம்பனியின் பதிவு அலுவலகத்துக்கு எழுத்தில் கோரிக்கை விடுத்து, மூன்று வாரத்துக்குள் கம்பனி பணத்தைக் கட்டாமலோ தக்க பாதுகாப்புத் தராமலோ இருந்தால், அது கடனைக் கட்ட இயலாத கம்பனி என்று நீதிமன்றம் கருத இடமுண்டு. கட்ட இயலாமை கம்பனியைக் கலைப்பதற்கான காரணங்களில் ஒன்று. ஆகவே முதற் கேள்விக்குப் பதில், முடியும். ஆனால் அவர் கொழும்புக்குப் போக வேண்டும். கிழக்கு மாகாணக் கம்பனியானாலும் இந்த விண்ணப்பங்களை விசாரிப்பது கொழும்பிலுள்ள வர்த்தக மேல் நீதிமன்றம்தான். வழக்குத் தவணைக்குத் தவணை இரவு ரயிலோ பஸ்ஸோ ஏற வேண்டும், கொழும்புச் சட்டத்தரணிக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும். அத்தனையும் செய்து கலைப்பு ஆணை வாங்கினாலும் வங்கி தன் ஈட்டை எடுத்த பிறகு மிஞ்சுவதில்தான் அவருக்குப் பங்கு. அவருடைய சட்டத்தரணிக்கு இது தெரியாமலிருக்காது. அந்தக் கடிதத்தின் நோக்கம் உங்களைக் கலைப்பதல்ல, வரிசையில் முன்னுக்கு வருவது.

அதற்காகக் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள். தொகையில் நியாயமான தகராறு இருந்தால், உதாரணமாக அனுப்பிய நெல்லில் ஈரம் கூடியிருந்ததால் கழிவு பேசியிருந்தால், அதைக் காட்டும் நிறைச் சிட்டைகளுடன் மூன்று வாரத்துக்குள் எழுத்தில் மறுக்க வேண்டும். உண்மையாகத் தகராறில் இருக்கும் கடனுக்குக் கலைப்பு விண்ணப்பத்தை வசூல் கருவியாகப் பயன்படுத்த நீதிமன்றங்கள் விடுவதில்லை. தகராறு இல்லையென்றால் மறுத்து எழுத வேண்டாம்; தவணைத் திட்டம் ஒன்றைக் கொடுங்கள். ஆனால் அந்தத் தவணைகளுக்குப் பின்தேதியிட்ட காசோலை கொடுக்காதீர்கள். கணக்கில் பணமில்லாமல் திரும்பும் காசோலை, 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் குற்றமாகலாம். கம்பனியின் கடன் குடும்பத்தின் மேல் விழ மற்றொரு வாசல் அது. உங்கள் கணவர் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகள் யாரிடமாவது இருக்கின்றனவா என்று இன்றிரவே கேளுங்கள். இருக்கும் என்றே நினைக்கிறேன். நெல் வியாபாரத்தில் அப்படித்தான் நடக்கிறது.

இரண்டாவது கேள்வி: நாங்களே மூடிவிட்டால்? மூடுவது என்பதற்கு ஊரில் ஒரு பொருள், சட்டத்தில் வேறு பொருள். ஆலைக் கதவில் பூட்டுப் போட்டு, ஆண்டு அறிக்கைகளை அனுப்பாமல் விட்டு, கம்பனிப் பதிவாளர் என்றாவது ஒருநாள் பெயரை வெட்டுவார் என்று இருப்பது மூடுவதல்ல. கடன் அப்படியே இருக்கும், வட்டி வளரும், பெயர் வெட்டப்பட்டாலும் கடன் கொடுத்தவர் அதை மீளச் சேர்க்கும்படி கேட்கலாம். பங்குதாரர் தாமே முன்வந்து கலைக்கும் முறை உண்டு. ஆனால் கம்பனியின் எல்லாக் கடனையும் பன்னிரண்டு மாதத்துக்குள் முழுமையாகக் கட்ட முடியும் என்று பணிப்பாளர்கள் உறுதியுரை கொடுத்தால்தான் அது பங்குதாரர் கையில் இருக்கும். உங்களால் அப்படி எழுத முடியாது, எழுதவும் கூடாது. அந்த உறுதியுரை இல்லாமல் கலைத்தால் கடன் கொடுத்தோரின் கூட்டத்தைக் கூட்ட வேண்டும். கலைப்பாளராக, அதாவது லிக்குவிடேற்றராக, யார் வருவது என்பதில் அவர்களுடைய சொல்லே மேலோங்கும்.

கலைப்பாளர் வந்ததும் உங்கள் கணவரின் அதிகாரம் நின்றுவிடும். அவர் சொத்தைத் திரட்டி விற்று, சட்டம் சொல்லும் ஒழுங்கில் பங்கிடுவார். ஈடு பெற்ற வங்கி இந்த வரிசைக்கு வெளியே தன் ஈட்டைக் கொண்டு தனியாக நிற்கும். மிகுதியில் கலைப்புச் செலவும், தொழிலாளரின் சம்பளம், சேமலாப நிதி போன்ற நிலுவைகளும், வரிகளும் முன்னுரிமை பெறும். நெல் தந்த விவசாயி இவற்றுக்கெல்லாம் பின்னால் நிற்கிறார். பெரும்போகத்தில் கடனுக்கு உரம் போட்டு, கடனுக்கு அறுவடை இயந்திரம் பிடித்து, கடனுக்கு உங்களிடம் நெல் ஏற்றியவர் கடைசி வரிசையில் நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் சட்டம் அப்படி இருக்கிறது.

கலைப்பாளர் முன்னே பார்ப்பதோடு நிற்பதில்லை, பின்னேயும் பார்ப்பார். கலைப்புக்கு முந்திய காலத்தில் ஒருவருக்கு மட்டும் சலுகையாகக் கட்டிய கடன், உறவினருக்குக் குறைந்த விலையில் மாற்றிய சொத்து ஆகியவற்றை இரத்துச் செய்யக் கேட்கும் வழி அவருக்கு உண்டு. உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், கலர் சோற்றரைக் கணவரின் தம்பி தொடங்கப்போகும் புதிய வியாபாரத்துக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அந்த இயந்திரம் வங்கிக்கு ஈடாக இருக்கவும் கூடும். கடன் கொடுத்தோரை ஏமாற்றும் நோக்கத்தோடு தொழில் நடத்தியதாக நீதிமன்றம் கண்டால், வரையறுத்த பொறுப்பு என்ற மதில் உங்கள் இருவருக்கும் இடிந்துபோகும்.

“நான் பெயருக்குத்தான் பணிப்பாளர்” என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தில் அப்படி ஒரு வகை இல்லை. கடன்களை உரிய நேரத்தில் கட்டக் கம்பனியால் முடியாது என்று நம்பும் பணிப்பாளர், உடனே சபையைக் கூட்டி, கலைக்க விண்ணப்பிப்பதா, தொழிலைத் தொடர்வதா என்று ஆராய வேண்டும் என்று கம்பனிகள் சட்டத்தின் 219ஆம் பிரிவு சொல்கிறது. கம்பனியின் தேறிய சொத்து (கடன் கழித்த சொத்து), கூறப்பட்ட மூலதனத்தின் (பங்குகளுக்காகக் கம்பனிக்கு வந்த பணத்தின்) பாதிக்குக் கீழே போய்விட்டது என்று தெரிந்தால் இருபது வேலை நாட்களுக்குள் பங்குதாரர் கூட்டத்துக்கு அழைப்பு விடுக்க வேண்டும் என்று 220ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருப்பவர்கள், இதற்கு எதற்குக் கூட்டம் என்று தோன்றும். குசினியில் இருந்தே நடத்துங்கள், ஆனால் கூட்டப் பதிவேட்டில் தேதியோடு எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். இன்னின்ன கடன் இவ்வளவு, இன்ன காரணத்தால் தொழிலைத் தொடர முடிவு செய்தோம், அல்லது தொடர்வதில்லை என்று முடிவு செய்தோம். பின்னொரு நாளில் “எப்போது தெரிந்தது, தெரிந்த பிறகு என்ன செய்தீர்கள்” என்ற கேள்வி வந்தால் அந்த ஒரு பக்கம்தான் உங்கள் பக்கம் பேசும்.

சேமலாப நிதியில் இன்னும் கடுமை உண்டு. தொழிலாளரின் சம்பளத்தில் கழித்த 8 வீதத்தையும் உங்கள் பங்கான 12 வீதத்தையும் கட்டாமல் வைத்திருப்பது, ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான 3 வீதத்தைத் தனியே விட்டாலும், கம்பனியின் குற்றமாக மட்டும் நின்றுவிடாது, பணிப்பாளர்களும் பொறுப்பாளிகள். தொழில் திணைக்களம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போனால் தண்டப்பணம் போல் அறவிடப்படும். ஆகவே கையில் கொஞ்சப் பணம் வந்தால் முதலில் கட்ட வேண்டியது இது என்பது என் கருத்து, சத்தம் போடுபவர்களுக்குக் கட்டுவதல்ல. 18 பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பவும் முடியாது. பதினைந்து பேருக்குக் குறையாத இடத்தில் 1971ஆம் ஆண்டின் தொழில் முடிவுறுத்தல் சட்டம் தொழிலாளியின் எழுத்துச் சம்மதத்தையோ தொழில் ஆணையாளரின் அனுமதியையோ கேட்கிறது. ஐந்து வருடம் முடித்தவர்களுக்குப் பணிக்கொடை, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், தனியாகக் கணக்கிட வேண்டும்.

இவ்வளவும் சொன்னது, ஆலை செத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு. எனக்கு அது உறுதியாகத் தெரியவில்லை. நீங்கள் அனுப்பிய தாள்களை வைத்து, இலேசான முழு எண்களில் ஒரு கணக்குப் பார்த்தேன். ஒரு தொன் காய்ந்த நெல் 120,000 ரூபாவுக்கு வாங்கிக் குற்றினால் 650 கிலோ அரிசி. கிலோ 205 ரூபா மொத்த விலையில் 133,250. நொய்யரிசி, தவிடு எல்லாம் சேர்த்து இன்னொரு 9,000. மின்சாரம், கூலி, சாக்கு, ஏற்று இறக்கு 14,000. வட்டிக்கு முன் தொன்னுக்கு 8,250 ரூபா மிஞ்சுகிறது. ஆலை மாதம் 200 தொன் ஓடியபோது அது பதினாறரை இலட்சம். ஆறரைக் கோடிக் கடனுக்கு 28 வீத வட்டி போட்டால் மாதம் 15 இலட்சத்துக்கு மேல் வட்டிக்கே போகும். 13 வீதம் என்றால் ஏழு இலட்சம்.

இந்த இரண்டு வட்டிக்கும் இடையில்தான் உங்கள் கதை இருக்கிறது. 2022 ஏப்ரல் 8இல் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வீதங்களை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அவ்வாண்டின் இறுதிக்குள் நல்ல வாடிக்கையாளருக்கான முதன்மைக் கடன் வீதமே 25ஐத் தாண்டிவிட்டது. அதற்கு முந்திய ஆண்டு இரசாயன உரத் தடையில் விளைச்சல் விழுந்து, ஆலைகளுக்கு நெல்லே சரியாக வரவில்லை. உங்கள் கணவர் கெட்டிக்காரத்தனமில்லாமல் தொழிலைக் கெடுத்துவிட்டார் என்று உறவினர் பேசுவதாக எழுதியிருந்தீர்கள். குற்றும் தொழில் நட்டப்படவில்லை. வட்டி அதைத் தின்றது. இப்போது வட்டி வீதம் இறங்கிவிட்டது, ஆனால் நெல் வாங்கக் கைப்பணம் இல்லாததால் ஆலை மாதம் 60 தொன்தான் ஓடுகிறது, அதில் மிஞ்சும் ஐந்து இலட்சம் குறைந்த வட்டிக்கே போதாது.

ஆகவே மீட்புக்கு வழி இருக்குமானால் அது கைப்பணம் தேவைப்படாத வேலையில்தான் இருக்கிறது. கூலிக்குக் குற்றிக் கொடுங்கள். அறுவடைக் காலத்தில் ஈர நெல்லை உலர்த்த இடமில்லாமல் வீதியோரம் காயவைக்கும் பெரிய வியாபாரிகள் படுவான்கரையில் இருக்கிறார்கள். உங்களிடம் உலர்த்தி சும்மா நிற்கிறது. நெல் அவர்களுடையது, வேலை உங்களுடையது, கூலி ரொக்கம். இலாபம் குறைவு, ஆனால் கடன் ஏறாது. மிரட்டல் கடிதம் அனுப்பிய வியாபாரியே உங்கள் முதல் கூலி வாடிக்கையாளராக வரக்கூடும்: அவருடைய நெல்லைக் குற்றிக் கொடுத்து, கூலியில் பாதியை 38 இலட்சத்தில் கழிக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் இதைச் செய்வதென்றால் மற்றக் கடன் கொடுத்தோருக்கும் தெரியச் செய்ய வேண்டும். இரகசியமாக ஒருவருக்கு மட்டும் கழித்தால் நான் மேலே சொன்ன சலுகைக் குற்றச்சாட்டுக்கு இடமாகும்.

எல்லோருக்கும் தெரியச் செய்வது எப்படி என்பதற்கு நான் இருந்து பார்த்த ஒரு பின்னேரத்தைச் சொல்கிறேன். அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர் ஒன்றில், உங்களுடையதைவிடச் சிறிய ஆலை. கடன் கொடுத்த நாற்பது பேரளவில் வரச் சொல்லியிருந்தார்கள்; நெல் காயவைக்கும் சீமெந்துத் தளத்தில் சாக்கு விரித்து இருந்தார்கள். ஆலைக்காரர் ஒரு கரும்பலகையில் யாருக்கு எவ்வளவு என்று பெயர் பெயராக எழுதியிருந்தார், தன் மச்சானுக்குக் கொடுக்க வேண்டியது உட்பட. முதலில் சத்தம். பிறகு, வரப்பில் நடந்து நடந்து பாதம் வெடித்த ஒரு பெரியவர் எழுந்து, வங்கியிலிருந்து வந்திருந்த உத்தியோகத்தரைப் பார்த்து, “தம்பி, மில் ஓடினா எனக்கு ரெண்டு வருசத்தில வரும் எண்டு இவர் சொல்றார். மில்ல ஏலம் போட்டா எத்தினை வருசத்தில வரும்? அதச் சொல்லுங்க” என்று கேட்டார். உத்தியோகத்தர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அன்று பின்னேரம் எழுதிய ஒப்பந்தம் இரண்டு பக்கம். மூன்று வருடம் எடுத்தது, இரண்டல்ல. ஆலைக்காரர் நடுவில் ஒரு வயற்காணியையும் விற்றார். ஆனால் கொடுத்தார்.

அந்த இரண்டு பக்கம் ஊர் ஒப்பந்தம், வராதவர்களைக் கட்டாது. கம்பனிகள் சட்டத்தில் இதையே முறைப்படி செய்யும் இடம் இருக்கிறது. கடன் கொடுத்தோருடனான இணக்கத் திட்டம் ஒன்றைப் பணிப்பாளர் சபையே முன்வைக்கலாம். ஒவ்வொரு வகுப்பிலும் சட்டம் கேட்கும் பெரும்பான்மை கிடைத்தால் சம்மதிக்காதவரும் அதற்குக் கட்டுப்படுவார். வங்கியும் விவசாயியும் ஒரே வகுப்பில் வரமாட்டார்கள், ஆகவே வங்கியைத் தவிர்த்து இதில் எதுவும் முடியாது. நிர்வாகி ஒருவரை நியமித்துத் தொழிலைக் காப்பாற்றப் பார்க்கும் முறையையும் 2007ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்தது, ஆனால் நடைமுறையில் அதைத் தொடுபவர் மிகக் குறைவு, உங்கள் அளவுக் கம்பனிக்கு அதன் செலவும் தாங்காது.

வங்கிக்கு எப்படிப் போவது? கிளை முகாமையாளரிடம் மன்றாடப் போகாதீர்கள். அவருக்கு இதில் அதிகாரம் குறைவு. நெருக்கடியில் விழுந்த தொழில்களை மீட்பதற்கென வியாபாரப் புத்துயிரளித்தல் அலகுகளை அமைக்கும்படி மத்திய வங்கி 2024இல் வங்கிகளுக்கு வழிகாட்டல் கொடுத்திருக்கிறது. உங்கள் வங்கியின் அந்த அலகுக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். கணக்குத் தாள் மூன்றே போதும்: யாருக்கு எவ்வளவு, கூலிக் குற்றல் மாதம் எவ்வளவு தரும், அதில் வங்கிக்கு மாதம் எவ்வளவு. அளவுக்கு மீறி எழுதாதீர்கள். ஆறு மாதம் தவறாமல் மூன்று இலட்சம் கட்டுபவர், ஒரு மாதம் எட்டு இலட்சம் கட்டி மறு மாதம் ஒளிந்துகொள்பவரைவிட வங்கிக்கு வேண்டியவர்.

அவர்கள் ஒத்துக்கொண்டால் புதுப் பத்திரம் ஒன்று வரும். இங்கேதான் நீங்கள் பேச வேண்டும், உங்கள் கணவர் அல்ல. நிலுவை வட்டியை முதலோடு சேர்த்துப் புதிய கடனாக்கி, அதற்கு வீட்டை மேலதிக ஈடாகவும் உங்களைப் புதிய பிணையாளியாகவும் கேட்பது வழக்கம். பழைய ஈட்டின் எல்லையைக் கூட்டச் சம்மதிக்காதீர்கள். எதிர்மாறாகக் கேளுங்கள்: இந்தத் தொகையளவு கட்டி முடிந்ததும், அல்லது சும்மா நிற்கும் இயந்திரம் ஒன்றை வங்கியின் சம்மதத்தோடு விற்று அந்தப் பணத்தைக் கட்டியதும், வீட்டின் மேலுள்ள ஈடு விடுவிக்கப்படும் என்று ஒரு வரி. கேட்டவர்கள் எல்லோருக்கும் கிடைத்ததில்லை. கேட்காதவர் யாருக்கும் கிடைத்ததை நான் பார்த்ததில்லை.

அந்தச் சட்டத்தரணிக் கடிதத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. பெரும்போக நெல் தை முடிவில் வரத் தொடங்கிவிடும். அதற்கு முன் உலர்த்தி ஓடும் நிலையில் இருக்க வேண்டும், கூலிக்குத் தரப்போகும் வியாபாரிகளோடு பேச்சு முடிந்திருக்க வேண்டும். நாளை குருமண்வெளியில் வாவியைக் கடக்கும் பாதை (மிதவைப் படகு) ஏறி ஆலைக்குப் போகும்போது கணவரோடு நீங்களும் போங்கள். கணக்குப் புத்தகங்கள், பிணைப் பத்திரம், ஈட்டு உறுதிகள், திரும்பிய காசோலைகள், நிறைச் சிட்டைகள் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு வந்து, சட்டத்தரணியிடமும் கணக்காய்வாளரிடமும் ஒரே நாளில் காட்டுங்கள். பிணைப் பத்திரத்தின் பிரதி உங்கள் கையில் இல்லாவிட்டால் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். கையெழுத்து வைத்தவர் நீங்கள், அதைப் பார்க்கக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.